இருநூற்றுப் பதினான்கு குறுஞ்செய்திகள்

ஸ்த்ராஹில் என்னைப் பேருந்தின் ஜன்னல் வழியாக வெளியே இழுத்தபோது என் வாயில் ரொட்டி இருந்தது. ஓட்டுநர் பக்கத்துச் சின்ன ஜன்னல் அது. ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் அதற்குள் புகுந்து வெளியே வர முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். முதலில் காலரைப் பிடித்தான், அப்புறம் தலைமுடியை. என் தோள் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. அவன் ஒரு காலை வண்டியின் தகட்டில் ஊன்றிக்கொண்டு இன்னொரு இழு இழுத்தான். தோளுக்குள் ஏதோ மளுக்கென்றது. தலைகீழாகச் சேற்றுப் பனியில் போய் விழுந்தேன்.

மார்ச் மாதம், மதியம் பன்னிரண்டே முக்கால். பெர்னிக் நகரில் எங்கள் வண்டி கடைசி நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்கும். நான் ஓட்டுநர், பெயர் மெத்தோதி. நடத்துநர் நெவ்யானா. நான்கு வருடமாக இருவருக்கும் ஒரே வண்டி. ஸ்த்ராஹில் அவளுடைய புருஷன். எஃகு ஆலையில் வேலை, இளம் வயதில் பளு தூக்கியவன். அவன் எங்கள் வண்டியில் ஏறினால் படி ஒரு பக்கம் தாழும். அதுவரை என்னிடம் அவன் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான்.

"எத்தனை நாளாடா நடக்குது?" என்று கேட்டுக்கொண்டே முகத்தில் குத்தினான். "சொல்றா! எத்தனை நாளா?"

"எதுடா? என்ன நடக்குது?"

அடுத்த குத்து வாயில் விழுந்தது. ரொட்டியும் பற்களும் சேர்ந்து தொண்டைக்குள் போயின. மல்லாந்து கிடந்தவனை ஒரு கையால் தூக்கி, மறு கையால் அடித்து, மறுபடி கீழே போட்டான். அவசரமே இல்லை அவனிடம். சுமை தூக்குகிற ஆள் மூட்டையை ஒழுங்காக இறக்கி வைப்பதுபோல ஒவ்வோர் அடியையும் எடுத்து வைத்தான். வலியைவிட, இவன் நிறுத்த மாட்டான் என்று புரிந்ததுதான் பயமாக இருந்தது. நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. ஒருவர் தன் சைக்கிளை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

நெவ்யானா அப்போதுதான் எதிர்க் கடையிலிருந்து இரண்டு கோப்பைக் காப்பியோடு வந்தாள். பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் அவன் பிடரியில் ஊற்றினாள். அவன் திரும்பக்கூட இல்லை. கழுத்தில் மாட்டியிருந்த சில்லறைப் பையைக் கழற்றி, வாரைப் பிடித்துச் சுழற்றி அவன் மண்டையில் அடித்தாள். காசுகள் பனியில் சிதறின. "விடுடா அவரை! கொலைகாரப் பாவி, விடுடா!" என்று கத்தினாள். அவன் ஈயை விரட்டுவதுபோல முழங்கையைப் பின்னால் வீசினான். அவள் பேருந்துப் படியில் போய் விழுந்தாள். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அப்புறம் அவன் என் மார்பில் முழங்காலை வைத்து அழுத்தி, சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த காகிதத்தை எடுத்து என் முகத்தில் வைத்துத் தேய்த்தான்.

"படி. சத்தமாப் படி."

"கண்ணு தெரியலடா."

அவனே படித்தான். தொலைபேசிக் கடையில் கேட்டு வாங்கிய விவரப் பட்டியல். நெவ்யானா பயன்படுத்திய எண்ணும் அவன் பெயரில்தான் இருந்தது. கட்டணம் நாலு மடங்காக வந்ததும் விவரம் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு நேரம், பக்கத்தில் 'அமோர் சந்திப்பு அரட்டை' என்று ஒரு பெயர். "இருநூத்திப் பதினாலு," என்றான். அவன் குரல் உடைந்தது. "ஒரு மாசத்துல இருநூத்திப் பதினாலு. பாதி மத்தியானம் பன்னண்டே முக்காலுக்கு. அந்த நேரத்துல அவகூட யாரு இருக்கா? நீதானடா இருக்க!"

எனக்கு எப்படி அந்த நேரத்தில் அந்த யோசனை வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாயில் நிறைந்த இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டேன்: "டேய், அவ என் முதுகுக்குப் பின்னாடி மூணு அடியில உக்காந்திருக்கா. எனக்கு எதுக்குடா எஸ்.எம்.எஸ். அனுப்பணும்?"

அவன் கை நடுவானில் நின்றது. முகத்தைப் பார்த்தேன், அல்லது திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பார்க்க முயன்றேன். அவன் உண்மையிலேயே யோசித்தான். எழுந்து என் விலாவில் ஒரே ஓர் உதை விட்டான். இரண்டு எலும்பு போனது அந்த உதையில்தான். பிறகு காசு சிதறிக் கிடந்த பனிமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

மருத்துவமனையில் என்னைப் பதினாறு நாள் வைத்திருந்தார்கள். நான்கு பல், இரண்டு விலா, தோள் மூட்டு, இடது கண். கண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்றார்கள். காப்பாற்றிய கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து யார் அடித்தது என்று கேட்டார். வண்டியிலிருந்து விழுந்தேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எங்கள் ஊரில் ஓர் ஆண் அடி வாங்கியதைப் போலீசில் போய்ச் சொன்னால், பிறகு எந்த பீர்க் கடையிலும் அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். என் மனைவி என்னைவிட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது, மகன் ஸ்பெயினில். பீர்க் கடையும் இல்லையென்றால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் நெவ்யானா மாவுக் கட்டுப் போட்ட கையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வண்டியில் குடிகாரர்களைக் காதைப் பிடித்து இறக்கிவிடுகிற பெண். அன்றைக்குத் தலை நிமிரவே இல்லை.

"எல்லாம் என்னாலதான் அண்ணே," என்றாள்.

விஷயம் இதுதான். ஜனவரியில் அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'வாழ்த்துகள்! புதிய கார் பரிசுக்கு உங்கள் எண் தேர்வாகியுள்ளது. டான்யூப் நதி எந்தக் கடலில் கலக்கிறது? கருங்கடல் என்றால் ஒன்று, செங்கடல் என்றால் இரண்டு என்று அனுப்புங்கள்.' அவள் ஒன்று என்று அனுப்பினாள். அவ்வளவுதான். அன்று முதல் கேள்விகள் வர ஆரம்பித்தன. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு, ஐந்து. பதில் போடாவிட்டாலும் வந்தன. வருகிற ஒவ்வொன்றுக்கும் கட்டணம்.

"போதும்னு எழுதிப் பாக்கலையா?"

"எழுதினேனே! வேண்டாம்னு எழுதினேன். நிறுத்துங்கன்னு எழுதினேன். தயவுசெஞ்சுன்னுகூட எழுதினேன். ஒவ்வொரு தயவுசெஞ்சுக்கும் தனியாக் காசு புடிச்சிருக்கானுங்க. மத்தியானம் நீங்க சாப்பிடுற நேரத்துலதான் உக்காந்து அவனுங்களுக்குக் கெஞ்சி எழுதுவேன். அப்புறம் அழிச்சிருவேன்."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"போன வருஷம் சூப்புல உப்புக் கம்மின்னு சொன்னதுக்கு நான் ஏதோ பதில் பேசிட்டேன். டிவியத் தூக்கி மாடியில இருந்து போட்டாரு. கார் கெடைக்கும்னு நம்பி ஏமாந்தேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

பட்டியலில் எதற்காக 'சந்திப்பு அரட்டை' என்று இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. கேள்விகள் வந்த நான்கு இலக்க எண்ணை நடத்தியவர்களுக்குக் கார்ப் போட்டியும் ஒன்றுதான், காதல் அரட்டையும் ஒன்றுதான். ஒரே பெயரில் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, நெவ்யானா சொல்லி எல்லாம் தெரிந்துகொண்டு ஸ்த்ராஹில் வந்தான். கையில் பழப் பை. அதற்குள்ளிருந்து ஆரஞ்சுக்குப் பதிலாக சக்கரம் கழற்றுகிற இரும்புச் சாவியை எடுத்து என் போர்வைமேல் வைத்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டான்.

"அடிங்க அண்ணே. நீங்க போதும்னு நெனைக்கிற வரைக்கும் அடிங்க. கையைத் தூக்க மாட்டேன்."

பக்கத்துக் கட்டில் கிழவர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். நான் சாவியை வலது கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், கன்னத்தில் கண்ணீர். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் பின்னால் நடந்ததெல்லாம் நடந்திருக்காதோ என்று நினைப்பேன். ஆனால் அப்போது என் விலா வலித்தது, கையைத் தூக்க முடியவில்லை, தவிர முழந்தாளிட்டு அழுகிறவனை எப்படி அடிப்பது?

"எந்திரிடா மாடே," என்றேன். "உன்னை ஏவி விட்டது யாரு? அவனுங்களத் தேடுவோம்."

வெளியே வந்த மறுநாளே மூன்று பேரும் தொலைபேசிக் கடைக்குப் போனோம். கண்ணில் கட்டு, இடது கையைத் தாங்கக் கழுத்தில் தூளி, வாயில் முன்பல் இல்லை. என்னைப் பார்த்ததும் வரிசையில் நின்ற இரண்டு பேர் வழிவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் தெமெனுகா என்றொரு பெண். பட்டியலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மாதத்துக்கு எத்தனை பேர் அதே காகிதத்தோடு வருகிறார்களோ!

"இது எங்க கட்டணம் இல்ல. வேற கம்பெனியோடது. நாங்க வசூல் பண்ணிக் குடுக்குறோம், அவ்வளவுதான்."

"அப்ப வசூல் பண்ணாதீங்க," என்றான் ஸ்த்ராஹில்.

"அவங்களுக்குப் போன் பண்ணிப் பேசணும் சார். இதோ நம்பர்."

"அந்த நம்பர்ல நாலு நாளா பாட்டுத்தான் பாடுது."

"அதுக்கு நான் என்ன சார் பண்றது?"

ஸ்த்ராஹில் அவளுடைய கணினித் திரையை இரண்டு கையாலும் பிடித்தான். கம்பிகள் இழுபட்டன. தெமெனுகா நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் மோதினாள். நெவ்யானா நல்ல கையால் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "கீழ வை! அந்தப் பொண்ணா உன்கிட்ட காசு கேட்டா? கீழ வைடான்னா!" அவன் வைத்தான்.

தெமெனுகா நாற்காலியை மறுபடி மேசைக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் நெவ்யானாவிடம் மட்டும் பேசினாள். ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், குறிப்பிட்ட ஒரு சொல்லை அனுப்பினால்தான் செய்தி அனுப்புகிற இயந்திரத்துக்குப் புரியுமாம். அதை நெவ்யானாவின் கைபேசியில் தானே தட்டி அனுப்பினாள். அரை நிமிடத்தில் 'உங்கள் சேவை நிறுத்தப்பட்டது' என்று பதில் வந்தது. இரண்டு மாதக் கெஞ்சலுக்குக் கிடைக்காத பதில். பிறகு ஒரு தாளில் இரண்டு முகவரி எழுதினாள். ஒன்று, புகார்க் கடிதம் அனுப்ப வேண்டிய அரசு அலுவலகம். இன்னொன்று, சோஃபியாவில் அந்தக் கம்பெனி.

"கடிதத்துல தேதி எல்லாம் எழுதுங்க அக்கா. பட்டியலையும் சேத்து அனுப்புங்க. லேட்டாகும், ஆனா கேப்பாங்க."

வெளியே வந்ததும் நெவ்யானா தாளை இரண்டாகக் கிழித்தாள். முதல் முகவரியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, இரண்டாவதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"முடிஞ்சுது. நான் எழுதி அனுப்பிக்கிறேன். ரெண்டு பேரும் எங்கயும் போகாதீங்க. கேக்குதா?"

"கேக்குது," என்றோம் இருவரும். அவள் முனை திரும்பியதும் நான் தொட்டிக்குள் கையை விட்டேன்.

ஸ்த்ராஹிலின் பழைய காரில் போனோம். வழியெல்லாம் அவன் எனக்காக மெதுவாக ஓட்டினான், பள்ளம் வந்தால் மன்னிப்புக் கேட்டான். "பேசத்தான் போறோம் அண்ணே. நான் கைய பாக்கெட்டுலயே வச்சுக்குறேன்," என்றான். ஒரு கண்ணால் சாலையைப் பார்ப்பது எனக்குப் புதிது. எதிரே வருகிற லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. இனி என்னிடம் யாரும் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இருபத்தாறு வருடம் ஓட்டியவன் நான்.

கம்பெனி என்று பெரிய கட்டடத்தை எதிர்பார்த்தோம். பழைய குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடி, பல் மருத்துவர் வீட்டுக்கு எதிர்க் கதவு. தட்டினதும் திறந்தது. ஒரே அறை. சுவரோரம் நான்கு கணினிகள் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன. மேசையில் எண்ணெய்க் காகிதத்தில் பாதி தின்ற பானித்சா என்கிற பாலாடைக்கட்டி அப்பம், பக்கத்தில் தடித்த கண்ணாடிச் சாம்பல் கிண்ணம். உள்ளே இருந்தவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். குண்டான, வெளுத்த ஆள். பெயர் யாவோர் என்றான்.

ஸ்த்ராஹில் சொன்ன சொல் காத்தான். கைகளைப் பைக்குள் விட்டபடி, பள்ளிக்கூடத்தில் நிற்கிற பையன்போல நின்று சொன்னான். "என் பொண்டாட்டி ஒரு கேள்விக்குப் பதில் போட்டா. அரட்டைன்னு பில் போட்டுட்டீங்க. நான் தப்பா நெனச்சு இவர அடிச்சுட்டேன். இவரு கண்ணு போச்சு."

யாவோர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். பயந்திருந்தான் என்று இப்போது தெரிகிறது. பயந்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். அவனுக்கு வந்தது.

"சார், அவங்கதானே ஒன்னுன்னு அனுப்புனாங்க. விதிமுறையெல்லாம் சைட்ல போட்டிருக்கோம். இவரு மூஞ்சிய ஒடச்சது நீங்க. அதுக்கு எங்ககிட்ட வந்தா எப்படி?"

அவன் சொன்னதில் பொய் எதுவுமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாம்பல் கிண்ணம் எப்படி என் கைக்கு வந்தது என்று நினைவில்லை. அது அவன் தாடையில் பட்ட விதம் நினைவிருக்கிறது. கல்லில் கல் பட்டதுபோல. அவன் நாற்காலியோடு சாய்ந்தான். நான் மறுபடி அடித்தேன், மறுபடியும். சாம்பல் பறந்து என் நல்ல கண்ணிலும் விழுந்தது. என் விலா கத்தியால் குத்துவதுபோல வலித்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. ஐம்பத்திரண்டு வருடத்தில் நான் யாரையும் அடித்ததில்லை. மகனைக்கூட. இவ்வளவு சுலபம் என்று தெரியாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சுகமாக இருந்தது. ஜன்னல் வழியாக இழுக்கப்பட்ட நேரத்திலிருந்து என் உடம்புக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று ஒவ்வோர் அடிக்கும் இளகியது.

அவன் எழ முயன்று, திறந்திருந்த மேசை இழுப்பறையின் விளிம்பைப் பிடித்தான். அந்தக் கையைப் பார்த்தேன். தட்டித் தட்டிச் செய்தி அனுப்புகிற விரல்கள் என்று நினைத்தேன். நினைத்துத்தான் செய்தேன். முழங்காலை வைத்து இழுப்பறையை மூடினேன். அவன் கத்தினான். திறந்து மறுபடி மூடினேன்.

ஸ்த்ராஹில் அதுவரை மரம்போல நின்றிருந்தான். பிறகு பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டித் தூக்கினான். "போதும் அண்ணே! செத்துருவான்! அண்ணே, போதும்!" என் கால் காற்றில் உதைத்துக்கொண்டே இருந்தது. அவன் அழுதுகொண்டே என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, கிண்ணத்தை என் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தான். எதிர் வீட்டுப் பல் மருத்துவர் வெள்ளை அங்கியோடு ஓடி வந்து பார்த்து, ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து யாவோரின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

போலீஸ் வந்தபோது அறையில் இருந்த காட்சி இது: இரத்தத்தில் கிடக்கிற ஓர் ஆள், தாடை உடைந்து பேச முடியாமல். சுவரோரம் கட்டு அவிழ்ந்து, முன்பல் இல்லாமல், தூளியில் கையோடு இன்னொருவன். நடுவில் மலைபோல ஸ்த்ராஹில், கையில் இரத்தம் தோய்ந்த கண்ணாடிக் கிண்ணம்.

"யாரு பண்ணது?" என்றார் அதிகாரி.

"நான்தான்," என்றான் ஸ்த்ராஹில். என்னைக் காட்டினான். "இவரையும் நான்தான். ரெண்டு பேரையும் நான்தான்."

அவன் கையில் விலங்கு போட்டார்கள். எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். இளம் போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து, "பாவம், உங்கள எந்த நெலமைக்கு ஆக்கியிருக்கான் பாருங்க," என்றார். நான் தண்ணீரைக் குடித்தேன். வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான். ஸ்த்ராஹில் படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். 'சரியாப் போச்சு அண்ணே' என்று சொல்வதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவன் கணக்கு அவனுக்கு நேராகிவிட்டது.

பதினோரு நாள் வீட்டில் கிடந்தேன். நியாயம்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என்னை அடித்ததற்கு அவன் ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை, இப்போது இருக்கட்டும். சாப்பிடும்போது சொல்லிக்கொண்டேன், முகம் கழுவும்போது சொல்லிக்கொண்டேன். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை நெவ்யானா வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"ஜெயில்ல போய்ப் பாத்துட்டு வரேன். எல்லாம் தான்தான் பண்ணேங்குறாரு."

நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

"அந்தப் பையனோட விரல இழுப்பறையில வச்சு நசுக்கியிருக்காராம். ரெண்டு தடவை." என் முகத்தையே பார்த்தாள். "என் புருஷன் டிவிய ஒடைப்பாரு, கதவ ஒடைப்பாரு, ஆளையும் ஒடைப்பாரு. கைக்கு எது கெடைக்குதோ அத. வெரலப் பாத்து, யோசிச்சு நசுக்குற அளவுக்கு அவருக்குப் புத்தி கெடையாது அண்ணே."

தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை.

"எனக்காகவா போனீங்க?"

"இல்ல," என்றேன்.

"அதயாச்சும் ஒத்துக்கிட்டீங்களே. நான் போகாதீங்கன்னு சொன்னேன். ஒரு வார்த்தை அனுப்பி நிறுத்தியாச்சு, ஒரு கடிதம் எழுதியாச்சு. அதோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம். ரெண்டு ஆம்பளைங்க சேந்து அத எங்க கொண்டுபோய் விட்டிருக்கீங்க பாருங்க." கதவுவரை போய்த் திரும்பினாள். "அவரு உங்கள அடிச்சதுக்கு உள்ள இருக்கணும்னா, அதச் சொல்லி உள்ள வைங்க. நானும் சாட்சி சொல்றேன், என் கையக் காட்டுறேன். ஆனா நீங்க பண்ணதுக்கு அவரு இருக்கக் கூடாது."

அன்றைக்கே ரயிலேறி சோஃபியாவில் போலீசிடம் போய்ச் சொன்னேன். இரண்டையும் சொன்னேன். வண்டியிலிருந்து விழவில்லை என்பதையும், கிண்ணம் யார் கையில் இருந்தது என்பதையும். எழுதிக்கொண்ட அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "பதினோரு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். "வீட்ல இருந்தேன்," என்றேன்.

வழக்கு நவம்பரில் முடிந்தது. அதற்குள் நெவ்யானாவின் கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. அந்த எண்ணை முடக்கினார்கள், பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அவள் அதற்கு முன்பே ஸ்த்ராஹிலின் வீட்டைவிட்டுக் கிளம்பி, தூப்னித்சாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். எண் அவன் பெயரில் இருந்ததால் பணம் அவனுக்குத்தான் வந்தது. என் வாக்குமூலத்துக்குப் பிறகு அவனை வெளியே விட்டிருந்தார்கள்; பணத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான். வாசலிலேயே வாங்கிக்கொண்டாளாம், உள்ளே கூப்பிடவில்லையாம்.

நீதிமன்றத்தில் யாவோர் பேசினான். தாடை கூடியிருந்தது, வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அவன் முதலாளி இல்லை. இயந்திரங்கள் நின்றுபோனால் மறுபடி ஓட விடுவது மட்டும்தான் அவன் வேலை. செய்திகளை யாரும் தட்டி அனுப்பவில்லை, எல்லாம் தானாகப் போகிறவை. முதலாளியை அவனே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறான். அந்த ஆள் ஏதோ தீவு நாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள், கடைசிவரை வரவில்லை. நீதிபதி எனக்கு ஒன்றரை வருடம், ஸ்த்ராஹிலுக்கு இரண்டு வருடம் கொடுத்தார். இரண்டு பேரையும் உள்ளே அனுப்பாமல் தண்டனையை நிறுத்தி வைத்தார், யாவோரின் சிகிச்சைச் செலவு என் தலையில். நான் இப்போது நிலக்கரிக் கிடங்கு ஒன்றில் வாசல் காக்கிறேன், அதில்தான் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

தீர்ப்பு முடிந்து வெளியே வந்தோம். படிகளில் லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. யாவோரின் அம்மா எனக்காகக் காத்து நின்றாள். குட்டையான பெண், தலையில் கம்பளிக் குல்லாய். கிட்டே வந்து என் முகத்தில் துப்பினாள். பிறகு கைப்பையால் அடித்தாள். பித்தளைப் பூட்டு என் காதைக் கிழித்தது. ஸ்த்ராஹில் குறுக்கே வரப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடுடா. அவங்க அடிக்கட்டும்."

"மாசக் கணக்குல மூணு வேளையும் நான் ஊட்டி விட்டேன்டா அவனுக்கு," என்று அவள் அடித்துக்கொண்டே சொன்னாள். "இருபத்தெட்டு வயசுப் புள்ளைக்கு ஸ்பூன்ல ஊட்டினேன்டா. அவன் உன்னை என்னடா பண்ணான்?"

அவள் கை தளரும்வரை அடித்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து குல்லாயை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். யாவோர் இறங்கி வந்தான். எங்களைப் பார்க்கவில்லை. இடது கையை அவள் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கினான். இருவரும் தெருவைக் கடந்து டிராம் நிறுத்தத்துக்குப் போனார்கள். டிராம் வந்து அவர்கள் ஏறிப் போகும்வரை நானும் ஸ்த்ராஹிலும் பனியிலேயே நின்றோம்.